நாலாம் நம்பர் அறையில் நீ சொன்னது

கண்ணு,

நம் கம்யூனிட்டி சென்டரில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்தும் மகளிர் குழு ஆண்டுக்கு ஒரு மலர் போடுகிறது. கல்லூரி முடித்து வெளியூர் போகும் பிள்ளைகளுக்கு அவரவர் அம்மாவோ அப்பாவோ அதில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது வழக்கம். இந்த வருடம் என் முறை. ஆறு வருடமாக அந்தக் கடிதங்களை டைப் செய்து, பிழை திருத்தி, நகல் கடைக்கு எடுத்துப் போகிறவள் நான்தான். அதனால் அவற்றில் என்ன இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். எங்கே போனாலும் நம் பண்பாட்டை மறக்காதே. வாரம் ஒரு முறையாவது போன் செய். வெளியே கண்டதையும் சாப்பிடாதே. நீ எங்களுக்குக் கிடைத்த வரம். போன வருடம் இரண்டு கடிதங்களில் பிள்ளைகளின் பெயரை நான் தவறுதலாக இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். அச்சாகி, எல்லார் வீட்டுக்கும் தபாலில் போய்ச் சேர்ந்தது. இரண்டு வீட்டிலும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நானும் அப்படி ஒன்றை எழுத உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் போகவில்லை. அமெரிக்காவின் மறுகோடியில் இருக்கும் குபெர்டினோவிலிருந்து வேலை போய் எல்லாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பும் சமயத்தில் நீ அடுத்த மாதம் அங்கே போகிறாய். அதை அப்பாவுக்கு ஈமெயிலில் எழுதினாய். அவர் அதை அச்செடுத்து, சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். உன் அறையில் எந்தப் பெட்டியை வைத்துக்கொள்ள வேண்டும், எதைத் தானமாகக் கொடுத்துவிடலாம் என்று பட்டியல் போட்டிருந்தாய். கடைசி வரியில், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன். இல்லை என்று முடிவாயிற்று. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதுதான் இந்தக் கடிதம். இதை உனக்குத் தனியாகத் தபாலில் அனுப்பாமல் மலரில் போடுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாம் ஊரை விட்டு அமெரிக்காவுக்கு, இந்த பிஸ்கட்டவேக்கு வந்த இரண்டாவது வருடம். உனக்குப் பதினோரு வயது. அப்பா என்னை கம்யூனிட்டி சென்டரில் புதன்கிழமை ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேர்த்துவிட்டார். "வீட்டுக்குள்ளயே இருந்தா இங்கிலீஷ் எங்கிருந்து வரும்? போய் நாலு பேர்கிட்டப் பேசு" என்றார். நான் கோயம்புத்தூரில் ஆங்கில இலக்கியம் படித்தவள். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, டீச்சர் கேள்வியை முடிக்கும் முன்பே கையைத் தூக்குகிற பெண். புத்தகம் கையில் இருந்தால் சாப்பாட்டை மறப்பவள். எனக்குப் பேசக் கூச்சமே தவிர, மொழி தெரியாமல் இல்லை. அந்த வகுப்பில் முதல் நாள் ஒரு ஆப்பிள் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள். இரண்டாவது வாரம் குடையைக் காட்டினார்கள். வகுப்பு முடிந்து வரும் வழியில் நடைபாதையில் ஒரு பெரிய கண்ணாடிச் சுவர் உண்டு, நினைவிருக்கிறதா? அதற்கு அந்தப் பக்கம் நீச்சல் குளம். அறுபது வயது தாண்டிய பெண்கள் நாலைந்து பேர் தண்ணீரில் மல்லாந்து கிடந்தார்கள். கூரையைப் பார்த்தபடி சும்மா கிடந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அவர்கள் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் அவ்வளவு நேரம் நின்றதில் நீ என் கையைப் பிடித்து இழுத்தாய்.

அன்று வீட்டில் அப்பாவிடம் பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தேன், பெரியவர்களுக்குக்கூட நீச்சல் சொல்லித் தருகிறார்களாம் என்று. அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த டிரெஸ்ஸப் போட்டுக்கிட்டா? இந்த டவுன்ல நம்ம ஆளுங்க எத்தன வீடு இருக்குன்னு தெரியுமில்ல?" என்றார். அவ்வளவுதான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் கேட்டதாக ஆகவில்லை. அடுத்த புதன்கிழமை முன் மேஜையில் இருந்த பெண்ணிடம், என் பெயரை ஆங்கில வகுப்பிலிருந்து எடுத்து நீச்சல் வகுப்பில் போட முடியுமா என்று கேட்டேன். நாளும் நேரமும் ஒன்றுதான், தாராளமாகப் போடலாம் என்றாள். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்தில் நீ என் பக்கத்தில் நின்றாய். அப்பா ஆபீஸிலிருந்து வர எட்டு மணி ஆகும் என்பதால் புதன்கிழமைகளில் உன்னையும் நான் கூட்டிப் போக வேண்டியிருந்தது. "அப்பாகிட்ட இப்ப சொல்ல வேண்டாம் கண்ணு. நான் நல்லாக் கத்துக்கிட்டதும் நாமளே சொல்லலாம்" என்றேன். "ப்ராமிஸ்" என்றாய். உனக்கு அது ஒரு விளையாட்டு. எனக்கு அது சௌகரியம். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் புத்தி ஒன்றிரண்டுதான், முதலாவது இது: உனக்கு ஒரு ரகசியம் இருந்தால் அதை நீயே சும. உன் பிள்ளையின் கையில் கொடுக்காதே. பிள்ளை அதைக் கவனமாகத்தான் வைத்திருக்கும். கீழே போடுகிறவர்கள் நாம்தான்.

நீச்சலைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தவள் நான். நூலகத்திலிருந்து இரண்டு புத்தகம் எடுத்து, கை எப்படி வளைய வேண்டும், கால் எப்படி அடிக்க வேண்டும் என்று நோட்டில் படம் போட்டு, ஒன்று இரண்டு என்று எண் போட்டு எழுதினேன். நீ அந்த நோட்டைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கீழே உருண்டாய். "அம்மா, டெஸ்ட்லாம் கிடையாதும்மா." சொல்லிக்கொடுத்த டோரத்தி என்ற பெண்மணிக்கு எழுபது வயது இருக்கும். என் நோட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, காது தண்ணீருக்குள் போகட்டும், கண் கூரையைப் பார்க்கட்டும், மற்றதைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும் என்றாள். எனக்குக் காது நனைந்தாலே பயம். இடுப்பில் குட்டைப் பாவாடை வைத்துத் தைத்த கறுப்பு ஸ்விம்சூட்டின் மேல் முழங்கால் வரை ஒரு டீ ஷர்ட் போட்டுக்கொண்டு, குளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றியபடி மூன்று வாரம் நின்றேன். நீ பெஞ்சில் என் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். வீட்டுப்பாடம் திறந்திருக்கும், ஒரு வரி எழுதியிருக்க மாட்டாய். "விடும்மா, கையை விடு. தரை இருக்கும்மா கீழ, நின்னா நெஞ்சு வரைக்கும்தான்" என்று அங்கிருந்து கத்துவாய். வீட்டில் குளியலறைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, முகத்தை உள்ளே வைத்து மூச்சு விடச் சொல்லிக்கொடுத்ததும் நீதான். எண்ணிக்கொண்டு பக்கத்தில் நிற்பாய். நான் ஐந்தில் எழுந்துவிட்டால், "சீட்டிங்" என்பாய்.

எட்டாவது புதன்கிழமை நான் மிதந்தேன். டோரத்தி என் முதுகுக்குக் கீழிருந்து கையை எடுத்தது எனக்குத் தெரியவே இல்லை. காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. கூரையில் வரிசையாக விளக்குகள் நகர்ந்தன. நகர்வது விளக்கு இல்லை, நான்தான் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. எழுந்து பார்த்தால் நீ பெஞ்சின் மேல் ஏறி நின்று என் துண்டைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தாய். காவலுக்கு நின்ற பையன் உன்னை இறங்கச் சொன்னான். காரில் வரும்போது, "இப்ப நல்லாக் கத்துக்கிட்டதானேம்மா?" என்று கேட்டாய். "கத்துக்கிட்டேன் கண்ணு" என்றேன். அந்தக் கேள்வியை நீ ஏன் கேட்டாய் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

அதற்கு மூன்றாம் நாள், சனிக்கிழமை. அதே கட்டிடத்தில் நாலாம் நம்பர் அறை. தமிழ் வகுப்பின் பெற்றோர் தினம். வகுப்பை அப்போது வசந்தா ஆன்ட்டி நடத்தினார். மகளிர் குழுவுக்கும் அவர்தான் தலைவர். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்து எடுத்துப் போகும் அவர் வீட்டு பாட்லக் விருந்துக்கு அழைப்பு வந்தால் நாம் இந்த ஊரில் இருக்கிறோம் என்று அர்த்தம், வராவிட்டால் இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவரும் எழுந்து 'என் அம்மா' என்ற தலைப்பில் ஐந்து வாக்கியம் சொல்ல வேண்டும். "சொந்தமா இருக்கணும், உண்மையா இருக்கணும். புக்லேர்ந்து எடுத்தா மார்க் கிடையாது" என்று ஆன்ட்டி முந்தின வாரமே சொல்லியிருந்தார். ஆனால் வந்த பிள்ளைகள் எல்லாம் என் அம்மா அன்பானவள், என் அம்மா நன்றாகச் சமைப்பாள் என்றே சொன்னார்கள். எல்லாருக்கும் கைதட்டல். அம்மாக்கள் முன் வரிசையில், அப்பாக்கள் பின்னால் காபியோடு சுவரில் சாய்ந்தபடி. உன் முறை வந்தது. கையில் தாள் இருந்தும் நீ அதைப் பார்க்கவில்லை. ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன், அந்த அறையில் உன் தமிழ்தான் சுத்தம்.

"என் அம்மா நிறையப் புத்தகம் படிப்பாள். என் அம்மா புதன்கிழமை நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். முதலில் அம்மா மிகவும் பயந்தாள். இப்போது என் அம்மாவுக்கு மிதக்கத் தெரியும்."

நாலு வாக்கியம். ஐந்தாவதற்கு நீ வாயைத் திறக்கும் முன் யாரோ சிரித்தார்கள். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல், "ஸ்விம்மிங்கா? என்ன டிரெஸ்ல?" என்றது. பின்னாலிருந்து ஒருவர் அப்பாவின் தோளைத் தட்டி, "என்ன சார், வீட்டுக்குள்ளயே கடல்கன்னிய வச்சுக்கிட்டு சொல்லவே இல்ல" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தா ஆன்ட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இப்போது சந்தித்தால் ஒன்றும் ஆகாது. அன்று எனக்கு முப்பத்தைந்து வயது, ஊரில் எனக்கு வேறு மனிதர்கள் இல்லை. நான் எழுந்தேன்.

"அவன் சும்மா சொல்றானுங்க. நான் இங்கிலீஷ் கிளாஸுக்குத்தான் போறேன். இவனுக்கு எப்பவும் கற்பனை ஜாஸ்தி" என்றேன்.

நீ என்னைத் திருத்தப் பார்த்தாய். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாய்போல. "அம்மா, புதன்கிழமை மிதந்தியேம்மா. டோரத்திகூட கை தட்டினாங்களே" என்றாய். ஆன்ட்டி, "ஏன்டா கண்ணா, உண்மையான வாக்கியம்னுதானே சொன்னேன்? எல்லார் முன்னாடியும் இப்படி ரீல் விடலாமா?" என்றார். மறுபடி சிரிப்பு. அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "ஆன்ட்டிகிட்ட சாரி சொல்லு" என்றேன். "சொல்லுன்னு சொல்றேன்ல" என்று இன்னொரு முறை சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு. நீ என்னையே பார்த்தபடி, நான் பொய் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். ஆன்ட்டி உனக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார், தைரியமாக ஒப்புக்கொண்டதற்காக. நீ ஒப்புக்கொண்டது என் பொய்யை.

காரில் அப்பா கேட்டார், "அவன் சொன்னது நெசமா?" நீ பின் சீட்டில் இருந்தாய். கண்ணாடியில் உன் முகம் தெரிந்தது. நீ இன்னும் காத்திருந்தாய், அறைக்குள் முடியாததை அம்மா காருக்குள் சரி செய்துவிடுவாள் என்று. "இல்லீங்க" என்றேன். நீ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய். சாயங்காலம் உன்னை மட்டும் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய பொட்டலம் பிரெஞ்சு ஃப்ரைஸ் வாங்கிக் கொடுத்தேன். அதைத்தான் மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டேன். நீ ஒன்றுகூட மீதி வைக்காமல் சாப்பிட்டு, தேங்க் யூ என்றாய். இரண்டாவது புத்தி: நாலு பேர் முன்னால் ஒருவரைக் கவிழ்த்துவிட்டு, ஆள் இல்லாத இடத்தில் போய்க் கை கொடுக்காதே. எந்த அறையில் செய்தாயோ அந்த அறையில் போய்ச் சரி செய், அன்றைக்கே.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் நான் ஆங்கில வகுப்புக்குப் போனேன். நிஜமாகவே போனேன், பொய்யை உண்மையாக்க. கண்ணாடிச் சுவரைத் தாண்டும்போது தரையைப் பார்த்து நடந்தேன். நீ என்னிடம் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாய். முதலில் நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது பள்ளிக்கூடப் பழக்கம் என்று நினைத்தேன். நான் தமிழில் கேட்பேன், நீ ஆங்கிலத்தில் பதில் சொல்வாய், ரொம்ப மரியாதையாக. அடுத்த வருடம் தமிழ் வகுப்பிலிருந்து நின்றுகொண்டாய். மகளிர் குழுவில் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். "எல்லா வீட்லயும் இதே கதைதான்" என்றார்கள். அந்த ஆறுதல் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை இன்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை 'நம் பிள்ளைகள் ஏன் தமிழ் பேசுவதில்லை' என்று ஒரு கலந்துரையாடல் வைத்தார்கள். நாலாம் நம்பர் அறையில்தான். நான் குறிப்பெடுத்துக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் பேசினேன். டிவி என்றேன், பள்ளிக்கூடம் என்றேன், கூட விளையாடும் பிள்ளைகள் என்றேன். அமெரிக்கா மேல் எவ்வளவு போட முடியுமோ அவ்வளவும் போட்டேன். நல்ல கைதட்டல். வசந்தா ஆன்ட்டி அதைக் கட்டுரையாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். அப்படித்தான் நான் இந்த மலருக்குள் வந்தேன், பிறகு அதன் ஆசிரியர் ஆனேன்.

உன் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் இதுவும் ஒரு மலர்க் கடிதம் ஆகிவிடும். கோபம் உண்டு. உனக்குத் தமிழ் போகவில்லை. கோயம்புத்தூரிலிருந்து அத்தை போன் செய்தால், உன் அறைக் கதவு சாத்தியிருக்கும், உள்ளே நீ மணியாகப் பேசுவது கேட்கும். "இல்லைங்கத்தை, நல்லா சாப்பிடறேனுங்க." நான் துவைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். நீ எனக்கு மட்டும்தான் நிறுத்தினாய். பதினோரு வயதில் செய்ததைச் சிறுபிள்ளையின் வலி என்று சொல்லலாம். பதினேழிலும் இருபதிலும் அதை நீ தெரிந்தேதான் செய்தாய். நன்றாகவும் செய்தாய். நண்பன் வீட்டில் படிப்பு என்று சொல்லிவிட்டு நீ நியூயார்க் போய் வந்தது தெரிந்தபோது நான் சமையலறையில் நின்று கத்தினேன், நினைவிருக்கிறதா? "பொய் சொல்ல எங்கடா கத்துக்கிட்ட?" நீ ஃப்ரிட்ஜைத் திறந்து பாலை எடுத்து, தம்ளரில் ஊற்றி, மூடி வைத்துவிட்டுச் சொன்னாய்: "ரூம் ஃபோர்." குரலைக்கூட உயர்த்தவில்லை. குடித்து முடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆறு வருடம் கழித்து அப்போதுதான் காரில் நீ கேட்ட கேள்வி என் காதில் விழுந்தது. இப்ப நல்லாக் கத்துக்கிட்டதானேம்மா? நான் நன்றாகக் கற்றுக்கொண்டதும் சொல்லலாம் என்றுதான் உன்னிடம் வாக்கு வாங்கியிருந்தேன். கற்றுக்கொண்டேன் என்று நானே சொன்னேன். அதன் பிறகுதான் நீ சொன்னாய். நீ வாக்கை மீறவே இல்லை.

தெரிந்த பிறகும் நான் உன்னிடம் வந்து சொல்லவில்லை. ஐந்து வருடம் சும்மா இருந்தேன். சரியான நேரம் வரட்டும் என்று காத்திருந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் வரவில்லை, ஈமெயில் வந்தது.

அந்த ஈமெயிலுக்கு அடுத்த சனிக்கிழமை நான் நாலாம் நம்பர் அறைக்குப் போனேன். பெற்றோர் தினம் முடியும் நேரம். ஒரு நிமிடம் பேசலாமா என்று கேட்டு எழுந்து நின்றேன். "பல வருஷத்துக்கு முன்னாடி இதே ரூம்ல என் பையன் ஒரு உண்மையைச் சொன்னான். நான் அது பொய்யின்னு சொல்லி, அவனை மன்னிப்புக் கேட்க வச்சேன். பொய் சொன்னது நான்தானுங்க" என்றேன். முழுதாகச் சொன்னேன், ஸ்விம்சூட் உட்பட. அறையில் இருந்தவர்கள் எல்லாம் இந்த இரண்டு மூன்று வருடத்தில் வந்த சின்ன வயது தம்பதிகள். ஒருவருக்கும் உன்னைத் தெரியாது. வசந்தா ஆன்ட்டி மகள் வீட்டோடு இருக்க டெக்சாஸில் ஆலன் போய் நாலு வருடம் ஆகிறது. நான் சொல்லி முடித்தேன். பிறகு ஒரு பெண், "ஸோ ஸ்வீட் ஆன்ட்டி" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். இன்னொருத்தி கேட்டாள், "ஆன்ட்டி, அந்த ஸ்விம்மிங் கிளாஸ் இப்பவும் இருக்கா? நானும் என் ஃப்ரெண்டும் சேரலாம்னு பாக்கறோம்." அவள் புருஷன் பக்கத்திலேயே குழந்தையை வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. எதற்குப் பயந்து உன்னைப் பலி கொடுத்தேனோ அது இப்போது அந்த அறையில் இல்லவே இல்லை. கேட்க வேண்டியவர்களும் இல்லை. நான் வீட்டுக்கு வந்தேன்.

நேற்று அப்பாவிடம் சொன்னேன், மலரில் இதை எழுதுகிறேன், நீங்கள் அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று. அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

"எப்பத்துல இருந்துங்க?"

"ரெண்டாவது வாரமே. பேஸ்மென்ட்ல வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி அந்த டிரெஸ்ஸக் காயப் போட்டிருந்தியே. உன் தலையெல்லாம் பூல் வாசம்."

"பின்ன கார்ல ஏன் கேட்டீங்க?"

"சொல்றியான்னு பாத்தேன்."

"அந்த ரூம்ல அவன் நிக்கறப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லைங்க?"

அவர் கொஞ்ச நேரம் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீயே இல்லைன்னு சொன்னப்புறம் நாலு பேர் முன்னாடி நான் என்னன்னு சொல்றது? பொண்டாட்டி பொய் சொல்றான்னா?" என்றார். பிறகு சத்தத்தைக் கூட்டினார்.

ஆக, அன்று அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் நீயும் நானும் மட்டும் இல்லை. மூன்று பேர். அதில் இரண்டு பேர் பெரியவர்கள். இரண்டு பேரும் உன்னைப் பெற்றவர்கள். ஒருத்தி வாயைத் திறந்து உன்னைப் பொய்யன் ஆக்கினாள். ஒருவர் வாயைத் திறக்காமல் ஆக்கினார். நான் நடுங்கி நடுங்கிக் காப்பாற்றிய ரகசியம் யாரிடமிருந்து காப்பாற்றப்பட்டதோ அவர் கையிலேயே இருந்திருக்கிறது. அவரை நான் திட்டவில்லை. திட்டினால் பாதியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் லேசாகிவிடுவேன். நீ கல்யாணம் செய்துகொள்ளும் பெண், உன்னை ஷூவைப் பார்த்து நிற்கிற ஆளாக ஆகவிடாதவளாக இருக்கட்டும். அவள் வேண்டுவதைக் காதில் வாங்காமல் செய்தித்தாள் படிக்காதே. அவள் பொய் சொல்ல வேண்டிய வீடாக உன் வீட்டை வைத்துக்கொள்ளாதே. புத்தி சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா என்று நீ கேட்கலாம். செய்து பார்த்தவள்தான் சொல்கிறேன்.

இப்போது அந்தக் காரணம். இந்த மலர் பழைய உறுப்பினர்கள் எல்லாருக்கும் தபாலில் போகிறது. முகவரிச் சீட்டு ஒட்டுவது நான்தான். ஆலனில் வசந்தா ஆன்ட்டிக்கு ஒன்று போகும். அப்பாவின் தோளைத் தட்டியவருக்கு ஒன்று, என்ன டிரெஸ்ல என்று கேட்டவருக்கு ஒன்று. அன்று அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இப்போது எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆசிரியர் நானே என்பதால் இதை வெட்டவும் ஆளில்லை. அவர்களுக்குச் சொல்கிறேன்: என் பையன் சொன்ன நாலு வாக்கியமும் உண்மை. அவன் திருப்பித் தர வேண்டியது ஒன்றுமில்லை, அந்த ஸ்டிக்கரைத் தவிர. அதை அவன் அன்றே காரில் சுரண்டி எடுத்துவிட்டான். பின் சீட்டில் அதன் பசை ரொம்ப நாள் இருந்தது.

உன் பட்டியலில் தானமாகக் கொடுக்கச் சொன்ன பெட்டிகளை நேற்று பிரித்தேன். தமிழ் வகுப்பு நோட்டுக்குள் அந்தத் தாள் மடித்து இருந்தது. ஐந்து வாக்கியமும் பென்சிலில், எண் போட்டு, என் நீச்சல் நோட்டைப் போலவே. ஐந்தாவது, நீ சொல்ல வராமல் போனது: "நான் பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவின் துண்டைப் பிடித்துக்கொண்டிருப்பேன்."

இந்தத் தாளை நான் வைத்துக்கொள்கிறேன். மற்றது எல்லாம் உன் விருப்பப்படி போய்விடும். நாலாவது வாக்கியம் இன்று உண்மை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன புதன்கிழமை குளத்தில் இறங்கிப் பார்த்தேன். டோரத்தி இல்லை, உன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி சொல்லிக்கொடுக்கிறாள். காது தண்ணீரில் பட்டதும் பழைய பயம் முழுசாக வந்துவிட்டது, விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எட்டு வாரத்தில் நீ எனக்குக் கற்றுக்கொடுத்ததை நான் பத்து வருடத்தில் தொலைத்துவிட்டேன். முதல் வகுப்பிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறாள், பெயர் கொடுத்திருக்கிறேன். ஐந்தாவது வாக்கியத்தை உன்னிடம் நான் கேட்க மாட்டேன். துண்டைப் பெஞ்சில் வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். நடுவில் ஒன்றிரண்டு முறை திரும்பிப் பார்த்தேன், அது அங்கேயே இருக்கிறதா என்று. இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

அம்மா